பழைய மதர்போர்டு எது எடுக்கலாம்: 486-ஆ, சாக்கெட் 7-ஆ, 440பிஎக்ஸா?

போன மாதம் சிங்கப்பூர் தேக்காவில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் கைப்பேசியை என் பக்கம் திருப்பினான். பழைய பொருள் விற்கும் கேரோசெல் செயலியில் மூன்று மதர்போர்டு விளம்பரங்களைச் சேமித்து வைத்திருந்தான். ஒன்று விஎல்பி ஸ்லாட் (அந்தக் கால வேகமான கார்டுகளைச் செருகும் இடம்) உள்ள 486 போர்டு, ஒன்று இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் (போர்டின் பாகங்களை இணைத்து நடத்தும் சிப்புகள்) போட்ட சாக்கெட் 7, இன்னொன்று 440பிஎக்ஸ் சிப்செட், ஸ்லாட் 1. சாக்கெட் 7, ஸ்லாட் 1 என்பவை கணினியின் மூளையான சிப்பைச் செருகும் இடத்தின் வகைகள். மூன்றும் மூன்று தலைமுறை: 486, பென்டியம், பென்டியம் 2. "அண்ணே, மூணுல எது எடுக்கலாம்?" என்றான். எதற்கு வேண்டும் என்று கேட்டால், "சும்மா, பழைய பிசி ஒண்ணு கட்டணும்" என்கிறான்.

இந்தச் "சும்மா"வில்தான் நிறையப் பேருக்குப் பணம் கரைகிறது. எனக்கும் கரைந்தது. வேகத்தைப் பார்த்து போர்டு வாங்கி, அப்புறம் அதற்கேற்ற கார்டு தேடி, கார்டுக்கேற்ற பவர் சப்ளை தேடி, கடைசியில் வீட்டுச் சாமான் அறையில் மூன்று பெட்டி நிறைய சாமான், ஓடுகிற கணினி ஒன்றுகூட இல்லை. அதனால் அவனை விடாமல் துருவினேன். மெல்ல மெல்ல விஷயம் வந்தது. அவனுக்கு இரண்டு ஆசை. சின்ன வயதில் அண்ணன்மார் விளையாடிய டோஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) விளையாட்டுகளை அதே சத்தத்தோடு விளையாடவேண்டும். இன்னொன்று, இறந்துபோன அவன் அப்பா 90-களில் தமிழில் எழுதி வைத்த ஒரு பெட்டி பிளாப்பி. நாடகம், கோயில் மலருக்கு எழுதிய கட்டுரை, கடிதங்கள்.

இப்போது பேசலாம். ஏனென்றால் இந்த இரண்டு ஆசைக்கும் போர்டே தேவைதானா என்பதுதான் முதல் கேள்வி.

பிளாப்பியில் இருக்கும் கோப்பு மட்டும் போதுமென்றால் வேண்டாம். 3.5 அங்குல வட்டு என்றால் ஒரு யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் போதும், இன்றைய மடிக்கணினியிலேயே படித்துவிடலாம். (5.25 அங்குலம் என்றால் அது நடக்காது, அதற்குத் தனிக் கட்டுப்படுத்தி வேண்டும்.) ஆனால் படித்த பிறகு வேறு சிக்கல். யூனிகோடுக்கு முன்னால் தமிழுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருக் குறியாக்கம் வைத்திருந்தார்கள். அந்தக் குழப்பத்தைப் பேசித் தீர்க்கத்தான் 1997-இல் இங்கேயே, சிங்கப்பூரில், தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. அதை முன்னின்று நடத்திய நா. கோவிந்தசாமி கணியன் என்ற தமிழ் மென்பொருளையே உருவாக்கியவர். டிஸ்கி மாதிரி பரவலான குறியாக்கம் என்றால் மாற்றி எடுக்கக் கருவிகள் இருக்கின்றன. அப்பா எந்த எழுத்துருவில் அடித்தார் என்றே தெரியாதபோது, அதே விண்டோஸ் 95-இல் அதே எழுத்துருவைப் போட்டு, அவர் பார்த்த மாதிரியே திறந்து பார்ப்பதுதான் சுலபம். எழுத்துரு பெரும்பாலும் அந்தப் பெட்டியிலேயே ஒரு வட்டில் இருக்கும்.

விளையாட்டுக்கும் அப்படித்தான். இன்றைய கணினியிலேயே டோஸைப் போலி செய்யும் டோஸ்பாக்ஸ் மென்பொருள் இலவசம், நன்றாகவே ஓடும். 86பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அது பழைய போர்டுகளை பயாஸோடு (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்) சேர்த்துப் போலி செய்து காட்டும். நான் யாருக்கும் முதலில் சொல்வது அதைத்தான்: போர்டு வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் 86பாக்ஸில் ஓட்டிப் பார், பயாஸ் திரையையும் ஐஆர்க்யூ எண்களையும் (ஒவ்வொரு கார்டும் சிப்பைக் கூப்பிடும் எண்) பார்த்து எரிச்சல் வருகிறதா ஆசை வருகிறதா என்று உனக்கே தெரிந்துவிடும். தம்பி பார்த்துவிட்டான். ஆசைதான் வந்தது. சரி.

486-இலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவன் கண் அதில்தான் இருந்தது. கேட்ட விலைக்கு மற்ற இரண்டு போர்டையும் சேர்த்தே வாங்கிவிடலாம். படம் அழகாகத்தான் இருந்தது, நீள நீளமான ஸ்லாட்டுகள், வரிசையாக 30 பின் சிம் (அந்தக் கால ராம் பட்டை) செருகும் இடங்கள். ஆனால் நான் பார்த்தது விசைப்பலகைத் துளைக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் உருண்டையாக ஒரு பீப்பாய். 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். அதன் காலைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.

இந்தப் பேட்டரி ஒழுகினால் வெளியே வருவது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது செம்புத் தடத்தை மெல்ல மெல்லத் தின்றுகொண்டே போகும், போர்டு அலமாரியில் சும்மா கிடந்தாலும் தின்னும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, அது இன்னும் சீக்கிரம் வேலை செய்யும். என்னிடம் இருக்கும் 486-இல் இதைச் செய்ய ஒரு முழு சனிக்கிழமை போனது. முதலில் பேட்டரியின் இரண்டு காலையும் வெட்டி எடுத்தேன். பிறகு பஞ்சுக் குச்சியை வினிகரில் நனைத்துப் பச்சைப் படிவின் மேல் வைத்தால் சுர்ரென்று நுரைக்கும், நுரை நிற்கும்வரை துடைக்கவேண்டும். அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி, மின்விசிறி முன் காயவைத்து, பூதக்கண்ணாடி பிடித்து ஒவ்வொரு தடமாக மீட்டரால் தொட்டுப் பார்த்தேன். மூன்று தடம் அறுந்திருந்தது. விசைப்பலகைக் கட்டுப்பாட்டு சிப்புக்குப் போகிற தடமும் அதில் ஒன்று, அதனால்தான் விற்றவர் "விசைப்பலகை எடுக்கவில்லை, மற்றபடி நல்ல போர்டு" என்று சொல்லியிருக்கிறார்.

பீப்பாய் இருந்த இடத்தில் நேராக சிஆர்2032 பட்டன் பேட்டரியைப் பற்றவைத்துவிடாதீர்கள். அந்த இடத்துச் சுற்று பேட்டரிக்கு மின்னேற்றும், பட்டன் பேட்டரி மின்னேற்றத்துக்கு ஆனதல்ல. நடுவில் ஒரு டயோடு வேண்டும். அல்லது போர்டில் வெளிப் பேட்டரிக்கென்று நான்கு பின் இருக்கும், அதில் ஏஏ பேட்டரிப் பெட்டியை மாட்டிவிடலாம். இந்தச் சின்னச் சாமான்களுக்கெல்லாம் நான் சிம் லிம் டவருக்குத்தான் போவேன். எதிரே இருக்கும் சிம் லிம் ஸ்குவேர் அல்ல, டவர். டயோடு, பேட்டரிப் பெட்டி, ஐசி சாக்கெட் எல்லாம் கிடைக்கும். சுங்கை ரோடு சந்தை இருந்த காலத்தில் இந்த மாதிரி போர்டெல்லாம் தரையில் விரித்த துணிமேல் கிடக்கும், 2017 ஜூலையில் அதை மூடிய பிறகு எல்லாம் கேரோசெல்லுக்குப் போய்விட்டது, விலையும் ஏறிவிட்டது.

பேட்டரியைத் தாண்டினாலும் 486-இல் வேலை முடியாது. பழைய போர்டில் வன்வட்டுக்கும் பிளாப்பிக்கும் இணைப்பே இருக்காது, தனி ஐ/ஓ கார்டு போடவேண்டும். பயாஸ் 504 எம்பிக்கு மேல் வட்டைப் பார்க்காது. பெரிய வட்டையும் படிக்கத் தெரிந்த எக்ஸ்டி-ஐடிஇ பயாஸை ஒரு சிப்பில் எழுதி, நெட்வொர்க் கார்டின் பூட் ரோம் சாக்கெட்டில் செருகினால் அந்தத் தடை போகும், ஆனால் அதற்கு சிப் எழுதும் கருவி வேண்டும். 486 சிப் டிஎக்ஸ்2-66 என்றால் 5 வோல்ட், டிஎக்ஸ்4 என்றால் 3.3 வோல்ட், ஜம்பரை (போர்டில் இரண்டு பின்களை இணைக்கும் சின்னக் குல்லா) மாற்றி வைத்தால் சிப் செத்துப்போகும். விஎல்பி கார்டை உள்ளே அழுத்தும்போது போர்டே வளையும், பார்க்கிற எனக்கே நெஞ்சு பதறும். இதெல்லாம் பிடிக்கும் என்பவர்கள்தான் 486 எடுக்கவேண்டும். எனக்குப் பிடிக்கும். அப்பாவின் கடிதத்தைப் படிக்க அவசரப்படுகிறவனுக்குப் பிடிக்காது.

440பிஎக்ஸ் இதற்கு நேர் எதிர். 1998 ஏப்ரலில் வந்த சிப்செட், 100 மெகாஹெர்ட்ஸ் பஸ் (சிப்புக்கும் ராமுக்கும் நடுவே தரவு போகும் பாதை), பென்டியம் 2, பென்டியம் 3. பட்டன் பேட்டரி, ஏடிஎக்ஸ் (இன்றைய வகை) பவர் சப்ளை, பிஎஸ்/2 விசைப்பலகை, யுஎஸ்பி. இன்றைக்குக் கடையில் வாங்கும் 24 பின் பவர் சப்ளையைக்கூட மாட்டலாம், நான்கு பின் வெளியே தொங்கும், அவ்வளவுதான். அபிட் பிஎச்6 மாதிரி போர்டில் ஜம்பரே கிடையாது, பஸ் வேகம், பெருக்கல் (பஸ் வேகத்தைப்போல எத்தனை மடங்கில் சிப் ஓடுகிறது என்பது) எல்லாம் பயாஸ் திரையிலேயே. செலரான் 300ஏ சிப்பை 66-இலிருந்து 100 பஸ்ஸுக்கு ஏற்றி 450-இல் ஓட்டிய காலம் அது. முதல்முறையாகக் கட்டுகிறவர்களுக்கு இதைவிட நிம்மதியான போர்டு இல்லை. ஒரே ஒரு பொறி: 256 எம்பி ராம் வாங்கும்போது சிப்பை எண்ணுங்கள். பதினாறு சிப் உள்ளது சரி. எட்டு சிப் உள்ளது பாதி அளவுதான் தெரியும்.

பிறகு ஏன் எல்லோருக்கும் இதையே சொல்லவில்லை? வேகம்தான் காரணம். 1990-இல் வந்த விங் கமாண்டர் மாதிரி விளையாட்டுகள் சிப் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் ஓடும், பென்டியம் 2-இல் போட்டால் எதிரி வந்ததும் தெரியாது, நாம் செத்ததும் தெரியாது. டர்போ பாஸ்கலில் எழுதிய பல நிரல்கள் தொடங்கும்போதே "ரன்டைம் எரர் 200" என்று படுத்துக்கொள்ளும். கணினியின் வேகத்தை அளக்கும் கணக்கு அதில் வழிந்து உடைந்துவிடுகிறது. கேஷை (சிப் உடனே எடுத்துக்கொள்ளும் வேக நினைவகம்) அணைத்து மெதுவாக்கலாம்தான், ஆனால் பென்டியம் 2 ஒரே குதியில் பாதாளத்துக்கு விழுகிறது, நடுவில் நிற்க இடமில்லை.

அதனால்தான் என் ஓட்டு நடுவில் இருந்த 430டிஎக்ஸுக்கு. யாரும் ஏறெடுத்துப் பார்க்காத போர்டு அது. 486 மாதிரி அழகும் இல்லை, பிஎக்ஸ் மாதிரி பெயரும் இல்லை, விலையும் குறைவு. பென்டியம் எம்எம்எக்ஸ் 233 போட்டால் விண்டோஸ் 95 சுகமாக ஓடும், டூம் பறக்கும், குவேக்கும் விளையாடலாம். மெதுவாக வேண்டுமா, செட்மல் என்ற சின்ன டோஸ் நிரலால் எல்1 கேஷை, கிளை ஊகத்தை (நிரல் அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று சிப் முன்கூட்டியே கணிப்பது), ஒவ்வொன்றாக அணைக்கலாம், ஏறக்குறைய 386 அளவுவரை படிப்படியாக இறங்கலாம். கணினியை அணைக்கவே வேண்டாம், ஒரு பேட்ச் கோப்பு எழுதிவைத்தால் போதும். எனக்குத் தெரிந்து ஒரே மேசையில் ஒரே பெட்டி வைக்க இடமுள்ள வீவக அடுக்குமாடி வீட்டுக்கு இதுதான் கணக்குக்கு வரும். நான்கு கணினி அடுக்க நம்மிடம் நிலவறையா இருக்கிறது.

"சூப்பர் சாக்கெட் 7 எடுத்து ஏஎம்டியின் கே6-2 சிப் போட்டால் இன்னும் வேகம்தானே" என்று கேட்பார்கள். வேகம்தான். ஆனால் அதன் சிப்செட் விஐஏ எம்விபி3-யோ அலி அலாடின் 5-ஓ, அதில் ஏஜிபி (திரைப்படத்துக்கான) கார்டு போட்டால் டிரைவர் சண்டையிலேயே வாரக்கடைசி போய்விடும். 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள கே6-2-இல் விண்டோஸ் 95 ஏறும்போதே பாதுகாப்புப் பிழை காட்டி நின்றுவிடும், அதற்குத் தனியாக ஒரு திருத்த நிரல் போடவேண்டும். அந்தச் சிப்செட்டுகளைப் பிடித்தவர்களிடம் நான் வாதாட வரவில்லை.

430டிஎக்ஸுக்கு ஒரு குறை உண்டு: 64 எம்பிக்கு மேல் ராம் போட்டால் மேலே உள்ள பகுதியை எல்2 கேஷ் தொடாது, வேகம் குறையும். 64 எம்பியே போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். விண்டோஸ் 95-க்கு அது ராஜ வாழ்க்கை.

ஜம்பர்தான் இதில் பயப்படுத்தும் இடம். கையேடு இல்லாமல் தொடாதீர்கள். தி ரெட்ரோ வெப் தளத்தில் தேடி, அங்கிருக்கும் படங்களோடு ஒப்பிட்டுப் போர்டைப் பிடிக்கலாம், பல போர்டில் அட்டவணையே பலகையில் அச்சாகியிருக்கும். முதலில் வோல்ட். எம்எம்எக்ஸ் என்றால் மையத்துக்கு 2.8. பழைய சாதா பென்டியம் இருந்த போர்டு என்றால் ஜம்பர் 3.3-இல் நிற்கும், அப்படியே எம்எம்எக்ஸைச் செருகி ஏற்றினால் சூடேறி அவஸ்தைப்படும். அடுத்தது பஸ், 66. அடுத்தது பெருக்கல், இங்கேதான் எல்லோரும் குழம்புவார்கள்: 233-க்கு 3.5 வேண்டும், அட்டவணையிலோ 3.5 என்றே இருக்காது. 1.5 என்று இருக்கிற இடத்தில் வையுங்கள். எம்எம்எக்ஸ் 233 அந்தச் சைகையை 3.5 என்று படித்துக்கொள்ளும். தம்பி இதை நம்பவே இல்லை, 100 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும் என்று அடம்பிடித்தான்.

பவர் சப்ளை பற்றி ஒரு வார்த்தை, என் காசில் கற்றது. அந்தக் கால டிஎக்ஸ் போர்டுகள் பலவற்றில் ஏடி (முந்தைய வகை), ஏடிஎக்ஸ் இரண்டு இணைப்பும் இருக்கும், இருந்தால் ஏடிஎக்ஸையே மாட்டுங்கள். ஏடிதான் என்றால் பி8, பி9 என்று இரண்டு கொத்தாக வரும், கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று பார்க்கவேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு கெட்டிக்காரன் மாதிரி மாட்டியவன் நான், ஆனால் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த அந்தப் பவர் சப்ளையின் பின்னால் இருந்த சின்னச் சிவப்பு விசையைப் பார்க்கவில்லை. 115-இல் இருந்தது. நம் ஊர் 230. பட்டாசு வெடித்த சத்தம், கருகல் வாசனை, வீடே இருட்டு. என் மனைவி சமையலறையிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை, கைவிளக்கை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார், அது திட்டுவதைவிட மோசம்.

சேமிப்புக்கு உண்மையான வன்வட்டு வேண்டாம். சத்தம் பிடிக்கும் என்பவர்கள் வாங்குங்கள், ஆனால் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. சிஎஃப் கார்டும் (பழைய கேமராக்களில் போடும் நினைவட்டை), அதை வன்வட்டு இணைப்பில் மாட்டும் ஐடிஇ மாற்றியும் போதும், இரண்டும் ஒரே மொழி பேசுபவை, நடுவில் சிப்புகூட தேவையில்லை. 1997 பயாஸ் பலவும் 8.4 ஜிபிக்கு மேல் தடுமாறும், ஆகவே 4 ஜிபி கார்டு, அதை இரண்டு 2 ஜிபியாகப் பிரித்தால் டோஸ் 6.22-க்கும் புரியும். எஸ்டி கார்டு மாற்றியும் உண்டு, மலிவு, ஆனால் அதன் நடுவில் ஒரு சிப் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறது, சில பயாஸோடு ஒத்துப்போகாது. நான் சிஎஃப் பக்கம்.

சத்தத்துக்கு வருகிறேன். போர்டைத் தேர்ந்தெடுப்பதே சவுண்ட் கார்டுக்காகத்தான் என்பேன். டோஸ் விளையாட்டுக்கு ஐஎஸ்ஏ (பழைய வகை) ஸ்லாட் வேண்டும், அதற்குப் பின்னால் வந்த பிசிஐ கார்டில் டோஸ் சத்தம் எப்போதும் ஒட்டுப்போட்ட கதைதான். சவுண்ட் பிளாஸ்டர் நம் ஊர்ச் சரக்கு என்பது இந்தத் தலைமுறைக்குத் தெரிவதில்லை. சிம் வோங் ஹூ 1981-இல் சைனாடவுனில் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சின்னக் கடையாக கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார், 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் வந்தது, உலகமே அதைப் பார்த்துத்தான் "இணக்கமானது" என்று பெட்டியில் அச்சடித்தது. 2023 ஜனவரியில் அவர் காலமானார், பேர்ல்ஸ் சென்டர் கட்டடமும் இப்போது இல்லை. தம்பிக்கு என் பெட்டியிலிருந்து ஒரு சவுண்ட் பிளாஸ்டர் 16 கொடுத்தேன். பயாஸில் ஐஆர்க்யூ 5-ஐ "லெகசி ஐஎஸ்ஏ" என்று ஒதுக்கி வைக்கவேண்டும், இல்லையென்றால் ஏதாவது ஒரு பிசிஐ கார்டு அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பிறகு விளையாட்டுகள் கேட்கும் கார்டின் அமைப்பு எண்கள்: முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1, உயர் டிஎம்ஏ 5. ஏழாம் ஐஆர்க்யூ வேண்டாம், அது பிரிண்டர் போர்ட்டோடு மோதும்.

ஜாலான் புசார் எம்ஆர்டி வாசலில் டிஎக்ஸ் போர்டை வாங்கினோம். விற்ற அங்கிள் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார், கோப்பி வாசனை அடித்தது. என் வீட்டு மேசையில், பெட்டிக்குள் வைக்காமல், அட்டைமேல் வைத்தே ஏற்றினோம்: போர்டு, சிப், ஒரு ராம், விஜிஏ கார்டு, அவ்வளவுதான். திரை கறுப்பு. போஸ்ட் கார்டில் (தொடக்கச் சோதனை எங்கே நிற்கிறது என்று எண்ணால் காட்டும் கார்டு) சி1 என்று நின்றது. அவார்டு பயாஸில் அது ராம் பக்கத் தகராறு. ராமைக் கழற்றி, தங்கப் பற்களை அழிப்பானால் தேய்த்து, அடுத்த ஸ்லாட்டில் அழுத்தினேன். ஒரு பீப். ராமை எண்ணி 65536 கேபி வரை எண்கள் ஓடின. அதற்குமேலே பென்டியம் எம்எம்எக்ஸ், 233. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, படம் எடுத்துக்கொண்டான்.

அன்றைக்கே அவன் அப்பாவின் பிளாப்பிகளைப் போட்டுப் பார்க்கலாம் என்றான். நான் விடவில்லை. அவை வீட்டு பாம் ஷெல்டரில் (குண்டுவீச்சுக்குப் பதுங்கும் அறை) கதவடைத்துக் கிடந்தவை, அங்கே காற்றே போகாது. ஒவ்வொன்றாக உலோக மூடியை நகர்த்தி, பின்னால் உள்ள வட்டத்தை விரலால் சுற்றி, விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தோம். சுத்தமானது கறுப்பாகப் பளபளக்கும். பூஞ்சை பிடித்ததில் மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி வெளுத்த திட்டு இருக்கும், அதை அப்படியே டிரைவில் போட்டால் தலையில் அப்பிக்கொண்டு அடுத்த வட்டையும் கீறிவிடும். முப்பத்தொன்றில் இருபத்துமூன்று தேறின. அதில் ஒன்றில் எழுத்துருவும் இருந்தது. மீதி எட்டையும் சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை உறையைப் பிரித்து ஆல்கஹாலால் துடைக்கவேண்டும், அவற்றில் ஒன்றின் மேல் அவன் அப்பா கையெழுத்தில் "நாடகம், கடைசிப் படி" என்று இருக்கிறது.